ஜன்னல் மாட்டின் வயிறு பேசாத காலை

மாட்டின் இடது விலாவில் காது வைத்துக் கேளுங்கள் என்று நான் சொன்னபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள். தப்பில்லை. நீங்கள் இப்போது வயிற்றுக்குள்ளேயே கருவியைப் போட்டுவிட்டு, புளிப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று திரையில் பார்க்கிறீர்கள். எனக்கு விடை கொடுத்த அன்று ஏதாவது பேசச் சொன்னீர்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேக்கை வெட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று வாயில் வராததைத்தான் இப்போது எழுதித் தருகிறேன். நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவன். முதுகு ஒத்துழைக்காததால் உங்களைவிட்டு முன்னதாகவே கிளம்புகிறேன். கண்டதைச் சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

எண்பதுகளில் என் அக்கா வீட்டுக்காரர் ரவுண்ட் ராக் பக்கம் வேலையில் இருந்தார். அவர்கள் மூலமாக நான் டெக்சஸுக்கு வந்தேன். ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் தீனி வைக்கவும் கொட்டகை கழுவவும் ஆள் கேட்டார்கள். அதிகம் பேச வேண்டாத வேலை என்று சேர்ந்தேன். முதல் நாளே ஜன்னல் மாட்டைக் காட்டினார்கள்.

நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் முதல் முறை பார்ப்பவனுக்கு எப்படி இருக்கும் என்பதை மறந்திருப்பீர்கள். நல்ல ஆரோக்கியமான பசு. அதன் இடது பக்கத்தில், ஒரு தட்டு அகலத்துக்கு வட்டமாக ஓட்டை. அதில் கறுப்பு ரப்பர் மூடி. மூடியைத் திறந்தால் நேராக வயிறு. குளிர்காலத்தில் அந்த ஓட்டையிலிருந்து ஆவி எழும்பும். பசு எதுவும் நடக்காததுபோல் அசை போட்டுக்கொண்டே தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும்.

பண்ணையின் கால்நடை டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். அவர் தன் பெயரை எங்கும் போட விரும்பாதவர். அதனால் நானும் எழுதவில்லை. நான் டாக்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

"பயப்பிடாதையும். கையை விடும்" என்றார்.

தோள்வரை உறையைப் போட்டுக்கொண்டு கையை விட்டேன். உள்ளே அத்தனை சூடு. ஈரப் புல் மெத்தைபோல் மிதந்தது. திடீரென்று நாலு பக்கமும் சுவர் நெருங்கி வந்து என் கையைப் பிடித்தது. நான் கத்திவிட்டேன்.

டாக்டர் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அவள் கை குடுக்கிறாள், நீர் கத்துறீர். வயிறு கிண்டுது, அவ்வளவுதான். காதை வைச்சுக் கேளும்."

கேட்டேன். தூரத்து மலையில் இடி உருள்வதுபோல ஒரு சத்தம். சற்று அமைதி. மறுபடியும் ஒரு உருளல்.

பிறகு அந்த வயிற்றிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் காட்டினார். தீபாவளிக்கு முந்தின நாள் கடைத்தெருபோல இருந்தது. உருண்டையும் நீளமுமாக எத்தனையோ உயிர்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடின. வால் பக்கம் குஞ்சம் வைத்த பெரிய ஒரு வகை மட்டும் கூட்டத்தில் பெரிய மனிதர்போல மெதுவாக நடந்தது. அது எங்கள் பண்ணையில் இந்த மாட்டிடம் மட்டுந்தான் உண்டு.

"நாங்கள் புல்லு போடுறது அவளுக்கில்லைத் தம்பி, இவைக்கு. இவை தின்னுவினம். பிறகு இவையளின்ரை மிச்சத்தையும் இவையளையும் அவள் தின்னுவாள். ஆர் ஆரை வளக்கினம் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

அதன்பிறகு அந்தப் பசுவின் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம், உள்ளேயிருந்து இன்னும் எத்தனை பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்று தோன்றும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் அக்காவின் ஆராய்ச்சி இதுதான்: தீனியை மாற்றினால் உள்ளே இருக்கும் கூட்டம் எப்படி மாறுகிறது, மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது எப்படி வேறுபடுகிறது. ஜன்னல் மாட்டுக்குக் காய்ந்த புல் மட்டும். பக்கத்துக் கொட்டகையில் ஜன்னல் வைத்த ஒரு காளைக்கு முழுக்கச் சோளம். இன்னொரு பக்கம் ஜன்னல் வைத்த சில செம்மறி ஆடுகள். அவற்றுக்கும் காய்ந்த புல்தான். அவருடைய பல வருட வேலை அந்த ஒரு பசுவின் மேல் நின்றது. அது போனால் எல்லாம் போச்சு.

ஒரு ஜனவரியில் எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் மாட்டுப் பொங்கல் கொண்டாட ஒரு மாடு தேடின. ஏற்பாடு எல்லாம் சேகர் அங்கிள். சென்னைக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் என்ஜினீயர், எந்த விசேஷம் என்றாலும் முன்னால் நிற்பவர். என் அக்கா மூலமாக என்னைப் பிடித்தார். நான் தயங்கித் தயங்கி டாக்டர் அக்காவிடம் கேட்டேன்.

"வரட்டும். ஆனா சக்கரைப் பொங்கல் எல்லாருக்கும் சேத்து ஒரு கிண்ணம். அதுக்கு மேலை ஒரு பருக்கையும் கூடாது" என்று சொல்லிவிட்டு, அவர் கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பொங்கலுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை வந்தார்கள். சாலையில் பனி உறையும் என்று ரேடியோவில் சொன்னதால் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் பசுவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்தி கிடைக்காமல் கார்னேஷன் மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். மூடி ஓரத்தில் ஆவி கசிந்தது. குழந்தைகள் "க்ரோஸ்!" என்று அருவருப்பில் கத்திக்கொண்டே அதை விட்டு நகர மறுத்தன. ஒரு ஆன்ட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "என்னப்பா இது, உயிரோட இருக்கற மாட்டுக்குக் கதவு வெச்சிருக்கீங்க" என்றார்.

கிண்ணத்தில் இருந்ததை ஆளுக்குக் கொஞ்சமாக ஊட்டினார்கள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு காராகக் கிளம்ப, வழுக்கும் இடத்தில் நின்று வழி காட்ட வாசல் கதவுக்குப் போனேன். சேகர் அங்கிள்தான் கடைசியாக வெளியே வந்தார். கையைக்கூட ஆட்டாமல் போய்விட்டார்.

மறுநாள் காலை கொட்டகைக் கதவைத் திறந்ததும் ஏதோ சரியில்லை என்று உடம்புக்குத் தெரிந்தது. என்னவென்று புரியவில்லை. வெளியே மூடுபனி. பசு மாலையோடும் குங்குமத்தோடும் மூலையில் நின்றது. அசை போடவில்லை. காதைத் தொட்டால் ஐஸ். கண் மட்டும் என்னையே பார்த்தது.

காது வைத்தேன். சத்தம் இல்லை.

காத்திருந்தேன். இன்னும் இல்லை. உள்ளே எவரும் இல்லாத வீட்டுச் சுவரில் காது வைத்ததுபோல இருந்தது. கதவைத் திறந்தபோது எது குறைந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. நான் இத்தனை நாளும் அந்தச் சத்தத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறேன். அது நின்ற பிறகுதான் அது இருந்ததே தெரிந்தது.

ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். ஊரடங்கு போட்ட தெரு. எல்லாம் அப்படி அப்படியே கிடந்தன. எதுவும் அசையவில்லை.

பண்ணைக்கு வழக்கமாக வரும் மாட்டு வைத்தியரைக் கூப்பிட்டேன். அவர் எங்கோ ஒரு மாட்டுப் பிரசவத்தில் இருந்தார். சாயங்காலத்துக்குள் வருகிறேன், அதுவரை வயிற்றைக் காலி செய், சோடா உப்பு போட்டுக் கழுவு, என்ன தின்றது என்று கண்டுபிடி என்றார். சான் ஹோசேக்குக் கூப்பிட்டால் தங்கையின் மகள் எடுத்தாள். "பெரியம்மா டெம்பிளுக்குப் போயிட்டா. ஷீல் கால் யூ பேக்."

எனக்கு ஃபோனில் பேசுவது என்றாலே ஆகாது. ஆனாலும் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன்.

"ஐயோ, ஒரு உருண்டைதான்பா. சின்ன உருண்டை."

"நாங்களா? கொஞ்சம்தான் குடுத்தோம். ஏன், மாடு கம்ப்ளெயின்ட் பண்ணுதா?"

"நேத்து எங்க ஃபிளாஸ்க்க அங்கயே விட்டுட்டேன்பா, பாத்தியா?"

சேகர் அங்கிள் மட்டும், "ஒண்ணும் இல்லப்பா. நான் ஒண்ணும் குடுக்கல" என்று சட்டென்று வைத்துவிட்டார்.

யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் என்பது அவரவர் கை அளவு. எல்லோருடைய கொஞ்சமும் நான் கண்ணால் பார்த்த அந்த ஒரு கிண்ணத்துக்குள் அடங்கியது. கிண்ணத்தால் இது நடக்காது. வந்தவர்களைக் கேட்டது போதும், மாட்டையே கேட்கலாம் என்று உறையை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தேன்.

வாசனை முதலில் வந்தது. எப்போதும் வரும் புல் வாசனை இல்லை. ரொம்பப் புளித்துப்போன தோசை மாவு. அதற்கு அடியில் ஏலக்காய். உயிருள்ள மிருகத்தின் வயிற்றிலிருந்து ஏலக்காய் மணப்பதை நான் அன்று மட்டுந்தான் முகர்ந்தேன். கையை விட்டேன். புல் மெத்தை இல்லை, தண்ணீர். சுவர் தளர்ந்து தொங்கியது. கை கொடுக்கவில்லை. அடியிலிருந்து அள்ளி வெளியே எடுத்தேன். என் உள்ளங்கையில் ஊதிப்போன சோறு, திராட்சை, முழு முழுதாக முந்திரிப் பருப்பு. மறுபடி அள்ளினேன். மறுபடியும் முந்திரி. அள்ள அள்ள வந்தது.

அதே பொங்கலை ஒரு பன்றிக்கு வைத்திருந்தால் தின்றுவிட்டுக் குறட்டை விட்டிருக்கும். நமக்கும் பன்றிக்கும் சாப்பாடு முதலில் வயிற்றுக்கு, உள்ளே குடியிருப்பவர்களுக்குக் கடைசியில். மாட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் முதலில். புல்லுக்குப் பழகிய கூட்டத்தின் நடுவே அவ்வளவு சோறும் வெல்லமும் ஒரே நேரத்தில் விழுந்தால், புளிக்க வைக்கிற ஒரு சில மட்டும் பெருகி, மற்ற எல்லாவற்றையும் கொன்றுவிடும். பிறகு அந்தப் புளிப்பு மாட்டின் ரத்தத்துக்கு வரும்.

சேகர் அங்கிளை மறுபடி கூப்பிட்டேன்.

"அங்கிள், முந்திரி முழுசா வருது. நிறைய வருது."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கோபப்பட்டிருந்தால் அவர் ஃபோனை வைத்திருப்பார்.

"வரேன்" என்றார்.

ஃப்ரீவேயில் பனி இருந்தும் சீக்கிரமே வந்துவிட்டார். பசுவைப் பார்த்ததும் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்க அம்மா போயிட்டாங்க தம்பி" என்றார்.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"டிசம்பர்ல. கிரீன் கார்டு பேப்பர் உள்ள இருக்கு, இப்ப வெளில போனா எல்லாம் போச்சுன்னு லாயர் சொல்லிட்டான். நான் போகல. என் தம்பிதான் கொள்ளி வெச்சான். இங்க யாருக்கும் சொல்லல. சொன்னா, துக்க வீட்டுக்காரன் பொங்கல எடுத்து நடத்தக் கூடாதும்பாங்க. நடத்தக் கூடாதுதான். ஆனா வீட்டுல உக்காந்துட்டிருந்தா பைத்தியம் புடிச்சிருக்கும்."

பசு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் போனப்புறம் கூலர் நிறைய மிச்சம். இது என்னையே பாத்துச்சு. எப்படிச் சொல்றது... 'சாப்ட்டியா'ன்னு கேக்கற மாதிரி. அம்மாவுக்குச் சக்கரைப் பொங்கல்னா உசுரு. பசு சாப்ட்டா அவங்களுக்குப் போய்ச் சேரும்பாங்கல்ல. பூராத்தையும் வெச்சேன். நக்கித் துடைச்சிட்டு, இன்னும் கொண்டான்னு நின்னுச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு. இப்ப பாரு, போய்ச் சேரவே இல்ல. அப்படியே இருக்கு."

வாளியில் கிடந்த சோற்றைப் பார்த்தார். கோட்டைக் கழற்றினார். "குடு. நானே எடுக்கறேன்."

எனக்கு உறையைக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அம்மாவுக்கு வைத்த சோறு. ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. என் கை ஏற்கெனவே மரத்திருந்தது. உறையைக் கொடுத்தேன். அவர் அள்ளினார். வாளி நிறைய நிறைய நான் கொண்டுபோய்க் கொட்டினேன். சோடா உப்புத் தண்ணீர் விட்டு மறுபடி மறுபடி கழுவினோம். கடைசியில் வழித்து எடுத்த பானைபோல வயிறு காலியாக நின்றது. பசுவின் கால் நடுங்கியது. படுத்துவிட்டால் எழுந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

இனி உள்ளே ஆள் சேர்க்க வேண்டும். வேறு மிருகத்தின் வயிற்றுத் தண்ணீரை எடுத்து ஊற்றினால்தான் அந்தக் கூட்டம் மறுபடி உண்டாகும். பக்கத்திலேயே காளை இருந்தது. மாட்டுக்கு மாடு. வேண்டிய அளவு எடுக்கலாம். செம்மறிகள் குட்டி வயிறு, வேறு சாதி மிருகம். எனக்குக் காளைதான் சரி என்று பட்டது. வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஃபோன் அடித்தது.

டாக்டர் அக்கா. நடந்ததைச் சொன்னேன். "ஆர் குடுத்தது?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் சேகர் அங்கிள் ரிசீவரை வாங்கி, "நான்தாங்க டாக்டர். என் பேரு சேகர்" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. அவர் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"தம்பி, காளையோ ஆடோ எண்டு யோசிக்கிறீர், என்ன? ஒண்டு கேக்கிறன். நாளைக்கு அவள் என்ன தின்னப்போறாள்?"

"காய்ந்த புல்தான் அக்கா."

"காளைக்குள்ளை இருக்கிறவை என்ன தின்னுறவை?"

"சோளம்."

"ஓம். சோளத்துக்குப் பழகினவையைக் கூட்டிக்கொண்டு வந்து புல்லுக்கு முன்னாலை விட்டா பட்டினிதான். சாதியைப் பிறகு பாப்பம். முதலிலை சாப்பாட்டைப் பாரும். ஆறவிடாதையும், காத்துப் படவிடாதையும்."

ஆறாமல், காற்றுப் படாமல் எதில் எடுப்பது? அலமாரியில், காலையில் ஃபோனில் கேட்ட ஆன்ட்டி விட்டுப்போன காபி ஃபிளாஸ்க் இருந்தது. ஒவ்வொரு செம்மறியிடமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, துணியில் பிழிந்து, ஃபிளாஸ்க்கில் அடைத்துக் கொண்டுவந்து பசுவுக்குள் ஊற்றினோம். காய்ந்த புல்லையும் கைப்பிடியாக உள்ளே வைத்தோம். பனியில் ஓடி ஓடிக் கால் மரத்தது. பிற்பாடு அந்த ஆன்ட்டி ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கொடுத்தால் போதும் என்றார். "ஆன்ட்டி, அது வேணாம்" என்று மட்டும் சொன்னேன். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வைத்தியர் வரவில்லை. நான் விலாவில் காது வைத்து நின்றேன். அங்கிள் உள்ளே கையை வைத்தபடி நின்றார். எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. வெளியே பனிமூட்டத்தில் எதுவுமே தெரியவில்லை. மாலையிலிருந்து ஒரு பூ விழுந்த சத்தம்கூடக் கேட்டது. அவ்வளவு அமைதி.

திடீரென்று அங்கிளின் முகம் மாறியது.

"தம்பி."

"என்ன அங்கிள்?"

"கையப் புடிக்குது."

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். வெகு தூரத்தில், மலைக்கு அந்தப் பக்கத்தில், ஒன்று உருண்டது.

அவர் கையை எடுக்காமல் அப்படியே பசுவின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். நான் வாளி கழுவப் போவதுபோல வெளியே போய்விட்டேன். பொழுது சாயும் முன் வைத்தியர் வந்து மருந்து ஏற்றினார். மறுநாள் பசு தானாகப் புல் கடித்தது.

நீங்கள் என்னிடம் கேட்பீர்கள், இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று. மிருகத்துக்கு என்ன ஆயிற்று என்பதை மிருகத்திடம் கேளுங்கள். ஏன் ஆயிற்று என்பதை மனிதரிடம் கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எந்த உயிரை எங்கே சேர்ப்பது என்ற சந்தேகம் வந்தால், நாளைக்கு அது என்ன தின்னப்போகிறது என்று பாருங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கு மேல் நடந்தது எனக்கு விளங்காதது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் அக்கா திரும்பி வந்த பிறகு, அடிக்கடி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவந்தார். முதலில் எல்லாம் செம்மறியின் ஆட்கள்தான். எங்கள் பசு ஆட்டின் கூட்டத்தை வைத்துக்கொண்டு நடமாடியது. பனி போய், சாலையோரம் நீலப் பூக்கள் வந்த சமயம், ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். சேகர் அங்கிளும் அன்று வந்திருந்தார். காரில் ஒரு கட்டுக் காய்ந்த புல்லோடு வாரம் தவறாமல் வருவார்.

"பாரும்" என்றார் டாக்டர் அக்கா.

ஆட்டின் ஆட்கள் குறைந்திருந்தார்கள். நடுவே, வால் பக்கம் குஞ்சத்தோடு, அந்தப் பெரியது மெதுவாக நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"அவள் தன்ரை ஆக்களைத் திருப்பிக் கூப்பிட்டிட்டாள்" என்றார்.

அங்கிள் என்னை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"எங்கேர்ந்து வந்தாங்க டாக்டர்? நான்தான் பூராத்தையும் வழிச்சுக் கொட்டிட்டேனே. என் கையாலதான் கொட்டினேன்."

டாக்டர் அக்கா கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"போகேல்லைப் போல" என்றார். "உள்மடிப்பிலை எங்கையோ இருந்திருக்கினம். நாங்கள் பாக்கேக்கை இல்லை. அவ்வளவுதான்."

அங்கிள் குனிந்தவர் நிமிரவில்லை. பின்னால் கொட்டகையில் பசுவின் வயிறு ஒருமுறை உருண்டது.